உடற்கல்வி ஆசிரியருக்குக் கைகொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு 2021 பிறந்தும் இன்னும் திறக்கவில்லை. செல்போனோடு திண்ணையில் சாய்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறாள். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நல்லவேளை, அவளுடைய உடற்கல்வி ஆசிரியர் சும்மா இருக்கவில்லை. சொந்தச் செலவில் டேட்டா போட்டு வாட்ஸ்அப்பில் தினமும் பேசி அனுப்புகிறார். "வளவுல, அதான் வீட்டு நடுமுற்றத்துல, தூணுக்குத் தூண் தொட்டு இருபது சுத்து ஓடு. மூச்சு வாங்குனா நில்லு." ஸ்கிப்பிங் கயிறு இல்லாதவர்களைத் தேங்காய் நார்க் கயிற்றை எடுக்கச் சொன்னார். எல்லாருக்குமா வளவு வீடு இருக்கிறது? ஒற்றை அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நின்ற இடத்திலேயே குதிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். அவரை நினைத்தால் கண் கலங்குகிறது.

தனி ஆளாக அவர் எத்தனை நாள் இழுப்பார்? ஆன்லைன் அட்டவணையில் உடற்கல்விக்குத் தினமும் அரை மணி ஒதுக்கட்டும். அதைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. டேட்டா செலவைக் கல்வித்துறை ஏற்கட்டும். கல்வித் தொலைக்காட்சியிலும் இந்தப் பயிற்சிகளைச் செய்து காட்டினால், செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.

ஒரு அப்பத்தா,
காரைக்குடி