பாப்பாவுக்கு, காட்பாடியிலிருந்து

காட்பாடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

குடியாத்தத்துச் சித்தி மகன் போன வாரம் வந்திருந்தான். கடைசி வருஷம் ப்ராஜெக்ட் செய்ய வேண்டுமாம். "அக்கா எப்பப் பார்த்தாலும் வி.எம். வி.எம்.னு சொல்றாங்களே பெரியப்பா, அது என்ன?" என்று கேட்டான். விர்ச்சுவல் மெஷின், ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேரால் உண்டாக்குகிற இன்னொரு கம்ப்யூட்டர் என்றேன். பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவன் இல்லையா நான்? நீ விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து, வி.எம். ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டேன். வி.எம்.முக்கு உதவ சிபியுவில் இருக்கிற விடி-எக்ஸ் வசதி, கம்ப்யூட்டரின் ஆரம்ப செட்டிங்கான பயாஸில் அணைந்திருக்கிறது என்று ஆரம்பத்திலேயே நின்றது. உள்ளே போய் அதை எனேபிள் செய்த பிறகு ஜன்னலுக்குள் லினக்ஸ் எழுந்து வந்தது. அதற்கு நான் கொடுத்தது இரண்டு ஜிபி ராம், ஒரு கோர். உள்ளே கட்டளை அடித்துக் கேட்டால், தன்னிடம் இருப்பது அவ்வளவுதான் என்று சொல்கிறது. வெளியே மிச்சம் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. பையன் அந்தத் திரையை விட்டு நகரவில்லை. உன் அக்கா இப்படி ஆயிரக்கணக்கில் வைத்து மேய்க்கிறாள் என்றேன். பெருமையாக இருந்தது, பாப்பா.

வி.எம்.களை உண்டாக்கி ஓட்டுகிற சாஃப்ட்வேருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது ஒவ்வொரு கட்டளையையும் படித்து, தானே நடித்துக் காட்டுகிறது என்று அவன் நினைத்திருக்கிறான். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது எமுலேட்டர் செய்கிற வேலை. இங்கே கெஸ்டின், அதாவது உள்ளே ஓடும் வி.எம்.மின், கட்டளைகளில் பெரும்பாலானவை நேராக நிஜ சிபியுவில், நிஜ வேகத்தில் ஓடுகின்றன. இன்டரப்ட் (சிபியுவை இடையில் கூப்பிடும் சிக்னல்), டிவைஸ் மாதிரி மெஷினையே கட்டுப்படுத்துகிற இடத்தில் கெஸ்ட் கை வைக்கும்போது மட்டும் சிபியு அதை நிறுத்தி, ஹைப்பர்வைசரிடம் கொடுக்கும். அது ஆக வேண்டியதைச் செய்துவிட்டு, கெஸ்டை விட்ட இடத்திலிருந்து ஓடவிடும். நல்ல ஹைப்பர்வைசர் தேவைப்படும்போது மட்டும் வரும், மற்ற நேரம் ஒதுங்கி நிற்கும். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஐபிஎம்காரர்கள் 1960களிலேயே இதைச் செய்துவிட்டார்கள். 1972இல் விஎம்/370 என்று அறிவித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கவும் செய்தார்கள். எந்த சிபியுவில் இது ஒழுங்காக நடக்கும் என்பதற்கு 1974இல் போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விதி எழுதினார்கள்: மெஷினின் நிலையைத் தொடுகிற கட்டளை எதுவாக இருந்தாலும், அதிகாரம் இல்லாதவன் அதைச் செய்தால் சிபியு கூப்பாடு போட வேண்டும். நம் வீடுகளுக்கு வந்த இன்டெல் சிபியு அந்த விதியில் தோற்றது. பாப்எஃப் என்ற கட்டளையை எடுத்துக்கொள். அதிகாரம் இல்லாமல் அதை வைத்து இன்டரப்டை அணைக்கப் பார்த்தால், சிபியு அணைக்கவும் செய்யாது, முடியாது என்றும் சொல்லாது. பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். மேலே இருக்கும் ஹைப்பர்வைசருக்குத் தகவலே போகாது. இந்த மாதிரி பதினேழு கட்டளைகள் இருந்தன. பையனிடம் இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஒன்று முடியவில்லை என்றால் சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தால்தானே மேலே இருப்பவன் ஓடிவந்து பார்க்க முடியும்?

வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு மேல் உன் நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால் இருந்தது. கை பட்டுவிட்டது என்று காலையில் மெசேஜ் போட்டிருந்தாய். சரி. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குச் சாயங்காலம் போன் போட்டேன், சும்மாதான். "நல்லாத்தான் இருக்கா மாமா, நைட் வேலை" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தூங்குகிறாயா? பகலில் ஜன்னலை மூடிக்கொண்டாவது தூங்கு.

அந்தப் பதினேழை எப்படிச் சமாளித்தார்கள் என்று சொல்லவில்லையே. 1998இல் தொடங்கிய விஎம்வேர் கம்பெனி, அந்தக் கட்டளைகள் ஓடுவதற்கு முன்பே கெஸ்ட் கர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ப்ரோக்ராமைப் படித்து, ஆபத்தான இடங்களை மட்டும் மாற்றி எழுதி ஓட்டியது. என்ன ஒரு உழைப்பு! 2005இல் இன்டெல்லும் அடுத்த வருஷம் ஏஎம்டியும் சிபியுவிலேயே இதற்கு வழி செய்தன. 2007இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. அப்போது நீ பாவாடை சட்டையில் என் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பாய். இப்போது அதே கேவிஎம்முக்குத்தான் நீ ஆட்களின் மெஷின்களை மாற்றிக்கொண்டிருக்கிறாய்.

ஏன் மாற்றுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி விஎம்வேரை வாங்கியது, அடுத்த மாதமே ஒருமுறை வாங்கிவைத்துக்கொள்கிற லைசென்ஸை நிறுத்திச் சந்தா என்று ஆக்கியது. உடனே நிறையக் கம்பெனிகள் வேறு இடம் தேடுகின்றன, அந்தச் சுமை உங்கள் தலையில். ஒரே ஹைப்பர்வைசருக்குள் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினையே நகர்த்திவிடலாம். மெமரியை அந்தப் பக்கம் காப்பி எடுத்து, அதற்குள் மாறிய பக்கங்களைத் திரும்ப எடுத்து, கடைசியில் ஒரு நொடிக்கும் குறைவாக நிறுத்தினால் போதும், உள்ளே இருப்பவனுக்கு இடம் மாறியதே தெரியாது. ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து வேறொன்றுக்கு என்றால் பொதுவாக அப்படி நடக்காது. மெஷினை அணைத்து, டிஸ்கை விஎம்வேரின் விஎம்டிகே வடிவத்திலிருந்து கேவிஎம்முக்கான க்யூகௌ2 வடிவத்துக்கு மாற்றி, புது இடத்தின் டிஸ்கையும் நெட்வொர்க்கையும் புரிந்துகொள்கிற விர்ட்ஐஓ டிரைவரை உள்ளே வைத்து எழுப்ப வேண்டும். விண்டோஸில் அந்த டிரைவர் விட்டுப்போனால் பூட் டிஸ்கே தெரியாமல் நீலத் திரையில் நிற்கும். அதைத்தானே ராத்திரி ராத்திரியாகச் செய்கிறாய்? மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கிற ஸ்நாப்ஷாட் எடுத்திருக்கிறோம் என்று தைரியமாக இருந்துவிடாதே. அது பழைய டிஸ்கின் மேலேயே உட்கார்ந்திருப்பது. அடி போனால் அதுவும் போகும். பேக்கப் தனியாக எடு.

டீமில் எத்தனை பேர் மிச்சம் என்று நீ சொல்லவே இல்லை. பொங்கலுக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர் பெயர் சொன்னாய். இப்போது போனில் ஒரு பெயரும் வருவதில்லை.

கெஸ்டுகளைத் தாங்கும் நிஜ மெஷினான ஒரு ஹோஸ்டில் இருக்கும் கோர்களைவிட அதிகமாகக் கெஸ்டுகளுக்கு வாக்குக் கொடுக்கலாம், எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். கல்யாணத்துக்கு ஐநூறு பத்திரிகை வைத்துவிட்டு முந்நூறு பேருக்குச் சமைப்பது போல. உன் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். கணக்கு மீறினால் லினக்ஸ் கெஸ்டுக்குள் டாப் என்ற கட்டளை போட்டுப் பார்க்கும்போது எஸ்டி என்ற எண் ஏறும். நான் வேலை செய்யத் தயாராக நின்றேன், எனக்கு சிபியு கிடைக்கவில்லை என்று அர்த்தம். மெமரி போதாவிட்டால் உள்ளே ஒரு பலூன் டிரைவரை ஊதவைத்து, கெஸ்ட் கையில் இருப்பதைத் திரும்ப வாங்குவார்கள். அப்போதும் கெஸ்ட் ஓடும், மெதுவாக. விழுந்தால்தான் ஊருக்குத் தெரியும். இந்த எண்களையெல்லாம் நீ மற்றவர்களுக்காகத் தினமும் பார்க்கிறாய், பாப்பா.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. பெங்களூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. அம்மா அன்றைக்கு நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைத்திருந்தாள், உனக்குப் பிடிக்கும் என்று. வேலை இருந்தால் வர முடியாதுதான், எனக்குப் புரிகிறது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வருகிற சனிக்கிழமை கட்ஓவர், அதாவது மெஷின்களைப் புது இடத்துக்கு மாற்றிவிடும் வேலை, இல்லை என்றால் மதியம் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறு. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். இருக்கிறது என்றால் அதையும் சொல், நானும் அம்மாவும் லால்பாக் எக்ஸ்பிரஸில் கிளம்பி வந்துவிடுகிறோம். நீ வேலை பார், நாங்கள் ஒரு ஓரமாக இருந்துகொள்கிறோம், அம்மா சமைப்பாள். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேலையை விட்டுவிடலாம் போல இருந்தாலும் சொல். விட்டுவிட்டேன் என்றாலும் சொல். மாடி ரூமில் உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது, வாடகைக்கு விடவில்லை.

சித்தி மகனுக்கு ஒரு சந்தேகம், என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை: ஒரு கெஸ்டுக்குள்ளேயே இன்னொரு ஹைப்பர்வைசர் ஓட்டினால் வேகம் எவ்வளவு குறையும் என்று கேட்கிறான். அவனுக்குப் போன் போட்டுச் சொல், காத்திருக்கிறான். எனக்கும் போடு, மணி எதுவானாலும் பரவாயில்லை. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா