71 மி.மீ. குழிக்கு 86 மி.மீ. பிக்கப்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், இசைக்கருவி விற்பனைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

போன மாதம் உங்கள் தளத்தில் ஒரு ஜோடி கோல்ட் ஃபாயில் (முகப்பில் தங்க நிறத் தகடு வைத்த) கிட்டார் பிக்கப் வாங்கினேன், அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம். விலை 7,400 ரூபாய். படத்தில் அது சாதாரண ஹம்பக்கர் (இரைச்சல் அடங்க இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள், சேர்த்த பிக்கப்) மாட்டும் ரிங் என்ற சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கீழே, ‘எந்த ஹம்பக்கர் கிட்டாரிலும் அப்படியே மாட்டலாம், மரத்தில் கை வைக்க வேண்டாம்’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

நான் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். எது கையில் வந்தாலும் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்க்கிற புத்தி. பெட்டியைப் பிரித்ததும் அளந்தேன். நீளம் 86 மி.மீ., அகலம் 35. இது ஹம்பக்கர் அளவே இல்லை. சோப்புக்கட்டி மாதிரி இருப்பதால் சோப்பார் என்கிறார்களே, ஒரே காயில் உள்ள அந்த பி-90 பிக்கப்பின் அளவு. என் கிட்டாரில் ஹம்பக்கர் இறங்கும் குழி 71-க்கு 40. ரிங்கைக் கழற்றி மேலே வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரல் நகம் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் உதவி எண்ணில் பேசியவர், “கொஞ்சம் செதுக்கினா போதும் சார்” என்றார். செருப்புக்காகக் காலைத் தறிக்கச் சொல்கிறார். என்னுடையது உள்ளே பாதி கூடாக இருக்கிற, ஒட்டுப்பலகை முகப்புள்ள கிட்டார். குழியை 86-க்கு நீட்டினால் ரிங்கின் ஆணிகளுக்குப் பிடிமானமே மிஞ்சாது. நாளைக்கே பழைய ஹம்பக்கரைத் திரும்ப மாட்ட நினைத்தாலும் வழி இல்லை.

பெரிய குழியில் சின்ன பிக்கப்பை வைப்பது வேறு விஷயம். 1969-இல் வந்த லெஸ் பால் டீலக்ஸ் கிட்டாரில் கிப்சன் கம்பெனி அதைத்தான் செய்தது. பி-90-க்கு வெட்டிய குழியில், பி-90 மூடியையே நடுவில் வெட்டிச் சட்டமாக்கி, மினி ஹம்பக்கரை உட்கார வைத்தார்கள். உங்கள் சரக்கு அதற்கு நேர் தலைகீழ். ஹம்பக்கர் என்ற பெயர் இருந்தால் மட்டும் ஒன்றுக்கொன்று மாறிவிடும் என்பதும் கிடையாது. கிப்சனுக்கு ஹம்பக்கர் வடிவமைத்த செத் லவரே பிறகு 1970-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் கம்பெனிக்கு வைட் ரேஞ்ச் என்ற ஹம்பக்கரைச் செய்தார். ஒரே ஆளின் வேலை, ஆனால் இரண்டாவது பெரியது. முதலாவதின் குழியில் இறங்காது. பழைய கோல்ட் ஃபாயில்களுக்கோ பொது அளவு என்று ஒன்று இருந்ததே இல்லை. டிஆர்மண்ட் கம்பெனி ஒரு அளவு, ஜப்பானின் டெய்ஸ்கோ கம்பெனி ஒரு அளவு. அதனால்தான் வாங்குகிறவனுக்கு மில்லிமீட்டர் வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒரு எண்கூட இல்லை.

அடுத்து அந்தத் தங்கத் தகடு. அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, வேலை செய்வது உள்ளே இருக்கும் காயிலும் காந்தமும்தான் என்று எனக்கும் தெரியும். அழகுக்காகத்தான் வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்திருப்பது தகடே இல்லை, ஸ்டிக்கர். துணியால் ஒரு முறை துடைத்ததில் ஒரு மூலை பூரியாட்டம் உப்பிவிட்டது. ‘தோற்றம் சற்று மாறுபடலாம்’ என்ற வரியைக் காட்டாதீர்கள். இது மாறுபாடு இல்லை, வேறு பொருள்.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து வாசித்தால் இரைச்சல் அடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரே காயில் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்களில் அப்படி அடங்க வேண்டுமானால் ஒன்றின் காந்த முனையும் கம்பி சுற்றிய திசையும் மற்றதற்கு எதிராக இருக்க வேண்டும். இரண்டையும் முகத்துக்கு முகம் காட்டினேன். ஒட்டவில்லை, தள்ளிக்கொண்டன. இரண்டுக்கும் மேல்முனை ஒன்றே என்றால் இரைச்சல் எப்படி அடங்கும்? ஆடி மாதம் அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறவன் நான். தலைக்கு மேல் சீரியல் செட், பக்கத்திலேயே ஜெனரேட்டர். அந்த ‘ம்ம்ம்’ சத்தம் எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் எதையும் மாட்டவில்லை, சால்டர் வைக்கவில்லை, ஒயர் நுனியைக்கூட நறுக்கவில்லை. ஆகவே 7,400 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் உங்களுடையது. மாற்றுப் பொருள் வேண்டாம். அந்த விளம்பர வரியை எடுத்துவிட்டு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் போடுங்கள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். ரசீதும், வெர்னியர் வைத்து எடுத்த நான்கு படங்களும் இணைத்திருக்கிறேன்.

பெட்டி அதே உறையில் அலமாரி மேல் இருக்கிறது. எடுத்துப்போக வருகிறவரை மாலை 6 மணிக்கு மேல் அனுப்புங்கள், அதற்கு முன் வீட்டில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்