சுபுடெக்ஸுக்குப் பயந்தது போதும்: சுகாதார, உள்துறை அமைச்சுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நாங்கள் மருந்தாளர்கள், தாதியர், மறுவாழ்வுப் பணியாளர்கள். ஹெராயினை விட முயல்வோருக்கு மருந்துச் சிகிச்சையை அவர்கள் வசிக்கும் வட்டாரத்திலேயே, பலதுறை மருந்தகங்களிலும் மறுவாழ்வு இல்லங்களிலும் கண்காணிப்போடு கொடுக்க வழிசெய்யுங்கள் என்று கேட்கிறோம்.

இப்படிக் கேட்டாலே ‘சுபுடெக்ஸ் நினைவில்லையா?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். 2000களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஹெராயினுக்கு மாற்று மருந்தாக வந்த அந்தப் புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பலர் பொடித்துக் கரைத்து, டோர்மிகம் என்ற தூக்க மருந்தோடு ஊசியில் ஏற்றினார்கள். கைகால் அழுகியது, இதய வால்வில் கிருமி தொற்றியது, உயிர்களும் போயின. 2006 ஆகஸ்ட் 14 அன்று அது சட்டத்தில் மிகக் கடுமையான ‘ஏ’ பிரிவுப் போதைப்பொருளானது. ஆனால் நாக்குக்கடியில் கரைய வேண்டிய மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதுதான் ஓட்டை. கரையும்வரை பார்க்க ஆள் இல்லை.

ஹெராயின் போன்றவற்றின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் கலந்த மாத்திரை அந்த ஓட்டையை ஓரளவே அடைக்கும்; மலேசியாவில் அதையும் ஊசியில் ஏற்றியவர்கள் உண்டு. ஆகவே நாங்கள் முதலில் கேட்பது தோலுக்கடியில் போடும் நீண்டகாலப் புப்ரெனார்ஃபின் ஊசி. வாரத்துக்கு ஒன்று அல்லது மாதத்துக்கு ஒன்று, தாதியே போடுவார். மருந்து வீட்டுக்குப் போகாது, விற்கவும் முடியாது.

மாத்திரையில் தொடங்குவோரிடம் முதல் நாள்தான் கவனம் வேண்டும். உடலில் ஹெராயின் இருக்கும்போதே கொடுத்தால், புப்ரெனார்ஃபின் அதைத் தள்ளிவிட்டு மூளையில் அது இருந்த இடத்தைப் பிடிக்கும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். உடனே வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி. எழுந்து போனவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். அதனால் கடைசி ஹெராயினுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மெத்தடோன் என்ற இன்னொரு மாற்று மருந்தை எடுத்தவர் என்றால் இன்னும் நீண்ட நேரம். கடிகாரத்தை மட்டும் நம்பக்கூடாது: ஹெராயின் இறங்கியதைக் காட்டும் கண்மணி விரிவு, கொட்டாவி, மயிர்க்கூச்சு, மூக்கொழுகல் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். முதலில் 2 அல்லது 4 மில்லிகிராம், ஓரிரு மணி நேரம் பார்த்து மறுபடி, முதல் நாளில் பொதுவாக 8 வரை. அடுத்த சில நாள்களில் பலருக்கு 16 தேவைப்படும். எட்டிலேயே நிறுத்திவிட்டு ‘மருந்து பலிக்கவில்லை’ என்று எழுதுவது வழக்கமான பிழை. கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். (அதுவரை கோப்பி-ஓ காத்திருக்கட்டும்.) மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கும்; ஆகவே அவற்றை எடுத்தாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டறிய வேண்டும்.

இடமும் நேரமும் சிறிய விஷயமல்ல. பகல் வேலைக்குப் போகிறவர் தினமும் புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகம் வரை போய்வந்தால் வேலை போய்விடும். காலை 6.30 மணிக்குத் திறக்கும், மருந்து கொடுக்கும் ஒரு சாளரம் வட்டாரத்தில் இருந்தால் போதும். கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலிலேயே 2010இல் மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். நம்மிடம் ‘ஆஷ்ரம்’ போன்ற மறுவாழ்வு இல்லங்கள் இருக்கின்றன.

சிறையிலிருந்தோ போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வெளிவந்த முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்து. தாங்கும் திறன் குறைந்திருக்க, பழைய அளவே கொன்றுவிடும். விரும்புவோருக்கு விடுதலைக்கு முன்பே, மிகச் சிறிய அளவில் சிகிச்சையைத் தொடங்கலாம். குடும்பத்தார் கையில் நாலாக்சோன் கொடுத்துப் பழக்குங்கள்: மயங்கிக் கிடந்தால் முதலில் 995 எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், பிறகு ஒரு தடவை மருந்து, 2 முதல் 3 நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் இன்னொன்று. அது 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மயக்கம் திரும்பலாம்; ஆகவே கண் விழித்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

இன்னொன்று. போதைப் பழக்கம் இருப்பதாகச் சந்தேகித்தால் மருத்துவர் 7 நாள்களுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும். இது தெரிந்தவர் மருத்துவரிடம் வாயே திறப்பதில்லை. தானாக வந்து சிகிச்சையில் நீடிப்பவர்மீது அந்தத் தகவலை வைத்து நடவடிக்கை இராது என்று எழுத்தில் தாருங்கள். இது இல்லாமல் மேலே கேட்டது எதுவும் ஓடாது.

முன்னோட்டத்துக்கு ஒரு மறுவாழ்வு இல்லம், பக்கத்தில் ஒரு பலதுறை மருந்தகம், ஓராண்டு போதும். ஆறு மாதம் தாண்டியும் எத்தனை பேர் நீடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், மருந்து வெளியே கசிந்ததா என்று எண்ணி, கணக்கை வெளியிடுங்கள். கசிந்திருந்தால் நிறுத்திவிடுங்கள்; நாங்கள் மறுக்கமாட்டோம்.

இப்படிக்கு,
சமூக மருந்தகங்களிலும் மறுவாழ்வுப் பணியிலும் உள்ள தமிழர்கள் சிலர்
சிங்கப்பூர்