நான்கு நட்டா, ஐந்து நட்டா?

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

மெல்பர்னிலிருந்து நீ போட்ட கடிதமும், கலிபோர்னியாவில் வாங்கப் பார்க்கிற பழைய மஸ்டாங் காரின் படங்களும் கிடைத்தன. பள்ளிக்கூட நாளில் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறிப் போய், தேயிலைக்குள் நின்று மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்த்தோமே, அன்று பிடித்த ஆசை உனக்கு. வாங்கு மச்சான், வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் படத்தை நம்பிக் காசு அனுப்பாதே.

எனக்கு நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு மொரிஸ் மைனரைப் படம் பார்த்தே பேசி முடித்தேன். லொறியில் வந்து இறங்கியபோது கண்ணாடி மாதிரி மின்னியது. முதல் மே மழையில் ஓட்டிப் போகிறேன், பாதமெல்லாம் தண்ணீர். கராஜில் பாயைத் தூக்கிவிட்டுத் தரையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிடிவரை இறங்கிவிட்டது. தகரமே இல்லை. பழைய பேப்பரைத் திணித்து மேலே பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அன்று நான் அழுதேன் மச்சான்.

மஸ்டாங்குக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. முன் கண்ணாடிக்கும் பொனட்டுக்கும் நடுவில் காற்றுப் போகத் துளைகள் இருக்கும். அதற்குக் கீழே வெல்ட் பண்ணி மூடிய ஒரு பெட்டி. சருகும் மழைத்தண்ணீரும் அதற்குள் இறங்கி, மக்கி, உள்ளுக்குள்ளேயே துரு பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. திருத்துவதென்றால் ஸ்பொட் வெல்டை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கழற்ற வேண்டும். கலிபோர்னியாவில் யாரையாவது அனுப்பி, அந்தத் துளைகளில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல். இன்னொருவர் டாஷ்போர்டுக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் விலை பேசாதே.

அடுத்தது சேசி நம்பர். முதல் இலக்கம் 7 என்றால் 1967. ஐந்தாவதாக வருகிற எழுத்துத்தான் எஞ்சின். சீ (C) என்றால் 289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர். டீ (T) என்றால் ஆறு சிலிண்டர். உனக்கு விற்கிற ஆள் வி8 என்கிறார். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பின் சக்கரத்தில் நான்கு நட்டுத்தான் தெரிகிறது. அந்த வருடத்து வி8 மஸ்டாங்குக்கு ஐந்து நட்டு வரும், ஆறு சிலிண்டருக்குத்தான் நான்கு. ஆறு சிலிண்டர் காரில் வி8 ஏற்றி விற்கிறார்கள் என்றால் எனக்குக் கவலை எஞ்சினைப் பற்றியல்ல. அதன் டிரம் பிரேக் 9 அங்குலம், வி8 காருக்கு 10. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லொறிகளை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மெல்பர்ன் மலைப்பக்கம் போகப்போகிற வண்டி அது.

கப்பலேற்ற முன் இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். 25 வருடத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் அது பெரிய சிக்கலில்லை. அஸ்பெஸ்டோஸ்தான் சிக்கல். 2003 டிசம்பர் 31இலிருந்து உங்கள் நாட்டில் அதற்கு முழுத்தடை. பழைய பிரேக் லைனிங், கிளச், கேஸ்கெட் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். அங்கேயே கழற்றி மாற்றி, பரிசோதனைச் சான்றிதழும் எடுத்துவிடு; துறைமுகத்தில் பிடித்தால் சோதனைச் செலவும் தாமதமும் உன் தலையில். கன்டெய்னரிலேயே அனுப்பச் சொல்.

பிறகு ஒருநாள் இங்கே கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தாய். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததுதான். ஆனால் கார் என்றால் அண்மைய சில வருடத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். அந்த ஆசையை விட்டுவிடு. நீ வா, என் மைனரில் தலவாக்கலைவரை போய் டெவன் அருவிக்கு எதிரே தேத்தண்ணி குடிப்போம். தரைத் தகரம் முழுதும் புதிதாக அடித்துவிட்டேன், இப்போது ஒரு சொட்டு ஒழுகாது.

அந்தப் பின் சக்கரத்தை நெருக்கமாக எடுத்து இன்னொரு படம் அனுப்பச் சொல். வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை முற்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
உன் கராஜ் நண்பன்