காணொளி வழிப் பயிற்சிக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மார்புப் பகுதியில், டி4 (மேலிருந்து நான்காவது மார்பு முள்ளெலும்பு) மட்டத்தில் தண்டுவடம் அடிபட்ட எனக்குக் கைப்பேசி வழியாகவே வாரம் மும்முறை உடற்பயிற்சி அளித்துவரும் இயன்முறை மருத்துவர் அம்மா அவர்களுக்கும், அது தென்காசியில் என் வீட்டுக் கூடத்தில் தடையின்றி நடக்க உதவிவரும் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அம்மா, "சிறுநீர்ப்பை காலியா, சிறுநீர்க் குழாய் நேராக இருக்கிறதா?" என்று கேட்காமல் தாங்கள் எந்தப் பயிற்சியையும் தொடங்கியதில்லை. டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் தேங்கினாலே இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறக்கூடும் என்பதைத் தாங்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஒருமுறை என் முகம் சிவந்து நெற்றி வியர்த்ததைத் திரையிலேயே கவனித்து, பயிற்சியை உடனே நிறுத்தி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்து, தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த குழாயைத் தம்பியை விட்டு எடுக்கச் சொன்னீர்கள். தலைவலி சிறிது நேரத்தில் தணிந்தது. இவ்வகைக் காயத்தில் நாடித்துடிப்பை நம்ப இயலாது என்பதால், கைமிதியை (கைகளால் சுற்றும் மிதி) சுற்றும்போதே காலையில் என்ன சாப்பிட்டேன் என்று விவரிக்கச் சொல்லி, மூச்சு வாங்காமல் பேசினால் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். (இட்லி என்ற ஒரு சொல்லோடு தப்பிக்கவும் விடுவதில்லை.)

பக்கவாட்டிலிருந்து படம் பிடித்தால்தான் தோள் தூக்குவது தெரியும் என்பதைப் புரிந்துகொண்டு பொறுமையாகக் கைப்பேசியைப் பிடிக்கும் தம்பிக்கும், நாள்தோறும் சக்கர நாற்காலியைத் தள்ளித் தேயும் தோள்களுக்கு எதிர்ப்பக்கமாக ரப்பர் பட்டையை இழுக்கச் சுவரில் முழங்கை உயரத்தில் வளையம் பதித்துத் தந்த தச்சருக்கும், காயத்திற்குக் கீழே வியர்க்காத என் உடல் சூடேறாதபடி கோடையில் ஈரத்துண்டோடு வந்து நிற்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும், அவர்கள் வீட்டு வைஃபைக்கும் கடமைப்பட்டுள்ளேன். "கால் அசையாதவனுக்கு எதற்குப் பயிற்சி?" என்ற உறவினர்களிடம், 1981இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணன் அவர்களும் தண்டுவடம் அடிபட்டவரே என்று எடுத்துரைத்து வாயடைத்த நண்பருக்கும் நன்றி.

தையற்கடை அண்ணாச்சியைத் தனியே குறிப்பிட வேண்டும். வயிற்றுத் தசைகளில் பலமில்லாத நான் கைகளை உயர்த்தினால் முன்னே சரிந்துவிடுவேன். அகலமான பட்டையில் பஞ்சு வைத்து, தோலை உறுத்தாதபடி தையலை வெளிப்புறமாக விட்டு, அவர் தைத்த மார்புப் பட்டையால்தான் இரு கைகளையும் ஒருசேரத் தூக்க முடிகிறது. என்னைப் போன்ற வேறு எவருக்கேனும் தேவைப்பட்டால் துணிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு தைத்துத் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். மார்புச் சுற்றளவையும் நாற்காலி முதுகின் அகலத்தையும் அளந்து கொண்டுவந்தால் போதும்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
தென்காசியிலிருந்து ஒரு சக்கர நாற்காலிப் பயனர்