எத்தனாலும் நீரும்: உன் அட்டவணை பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

எத்தனால்–நீர் கலவை கொதிக்கும்போது திரவத்திலும் ஆவியிலும் எத்தனால் எவ்வளவு என்று அளந்து நீ அனுப்பிய அட்டவணையை வரிவரியாகப் பார்த்தேன். முதல் பாதியில் கவலைப்பட ஒன்றுமில்லை. 86.7 டிகிரியில் திரவத்தில் எத்தனாலின் மோல் பின்னம் (மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கு) 0.097, ஆவியில் 0.44. கலவையில் ஒரு பொருள் தரும் ஆவி அழுத்தம் திரவத்தில் அதன் மோல் பின்னத்துக்கு ஏற்றபடி இருக்கும் என்கிற ரௌல்ட் விதிப்படி, ஆவியில் இதைவிடக் குறைவாக அல்லவா வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். அந்த வெப்பநிலையில் சுத்த எத்தனாலின் ஆவி அழுத்தம் சுமார் 1050 மி.மீ.; 0.097-ஆல் பெருக்கி, மொத்த அழுத்தமான 760-ஆல் வகுத்தால் 0.134 தான். ஆனால் அந்த விதி பென்சீன், டொலுயீன் மாதிரி ஒரே சாயல் உள்ள ஜோடிக்குத்தான் சரிப்படும். இங்கே நீர் தனக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் மாட்டிய எத்தனாலுக்கு இருப்புக்கொள்ளாது, ஆவிக்கு ஓடிவிடும். 0.44-ஐ 0.134-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.3. அங்கே எத்தனாலின் ஆக்டிவிட்டி குணகம், அதாவது ரௌல்ட் விதியிலிருந்து எத்தனை மடங்கு விலகுகிறது என்பது, அதுதான்.

கோளாறு இரண்டாம் பாதியில். புள்ளிகள் முன்னும் பின்னும் தாவுவதற்குக் காரணம், ஒளிவிலகல் எண்ணை அளந்து கலவையின் விகிதம் கண்டுபிடிக்க நீ பயன்படுத்திய ரிஃப்ராக்டோமீட்டர். எத்தனால்–நீர் கலவையின் ஒளிவிலகல் எண் எடையில் 80 சதவீதம் வரை ஏறி, பிறகு இறங்கும். 20 டிகிரியில் சுத்த எத்தனாலும் 1.361, எடையில் பாதி நீர் கலந்ததும் 1.361! ரீடிங் சரியாக இருந்தும் எந்தப் பக்கம் என்று தெரியாது. அடர்த்தியைப் பார், அது 0.998-லிருந்து 0.789 வரை ஒரே சீராக இறங்கும். பிக்னோமீட்டரை (அடர்த்தி அளக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) 20 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு எடை போடு.

கலவையைக் கொதிக்கவைத்து ஆவியைத் தனியே பிடிக்கும் ஆத்மர் ஸ்டில்லில் ஹீட்டரைக் கூட்டிவிடாதே. வேகமாகக் கொதித்தால் திரவத் துளிகள் ஆவியோடு போய் ஆவி ரீடிங்கைக் குறைத்துவிடும். கழுத்துப் பகுதி குளிர்ந்தாலோ நேர்மாறு: நீர் அதிகமுள்ள பகுதி அங்கேயே படிந்து திரும்பி வடியும், ஆவியில் எத்தனால் கூடுதலாகக் காட்டும். கண்ணாடிப் பஞ்சு சுற்று. சீராகக் கொதிக்கப் போடும் பீங்கான் துண்டுகளைத் திரவம் ஆறியிருக்கும்போதே போடு. சூடான திரவத்தில் போட்டால் பொங்கிச் சீறும். வெப்பநிலை நிலைத்து அரைமணி ஆன பிறகே மாதிரி எடு, எடுத்ததும் மூடிக் குளிரவை. மூடி திறந்திருந்தால் முதலில் போவது எத்தனால்தான்.

திரவத்தில் மோல் பின்னம் 0.89-க்கு மேல் போனதும் ஆவியில் எத்தனால் திரவத்தைவிடக் குறைவாக வந்தால் பிழை என்று அடித்துவிடாதே. அது, ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருக்கும் கொதிநிலை மாறாக் கலவையைத் தாண்டிய இடம்.

அட்டவணையில் பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) ரீடிங் எங்கும் இல்லை. அழுத்தம் 25 மி.மீ. குறைந்தாலே கொதிநிலை ஒரு டிகிரிக்குக் கிட்ட இறங்கும். அடுத்த முறை ஒவ்வொரு வரிசைக்கும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா