பெயர் மஸ்கெலியாவில், வயிறு புறக்கோட்டையில்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் வெள்ளவத்தை அன்பர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு தளர்ந்த அன்று கடைத்தெருவில் சனம் மொய்த்ததைச் சொல்லி, நம்மவர்களிடம் ஒழுங்கு என்பது மருந்துக்கும் கிடையாது, படையினர் தெருவுக்கு இறங்கியதால்தான் நாடு தப்பியது என்று முடித்திருந்தார். அவர் அந்தக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார். நான் தராசுக்குப் பின்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்தவன். ஆகவே எனக்கும் கொஞ்சம் இடம் தாருங்கள்.

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 32 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, சீனி என்று எங்கள் வியாபாரம். லொறியிலிருந்து மூட்டை இறக்க நான்கு பையன்கள் இருக்கிறார்கள். மூவர் மஸ்கெலியாப் பக்கம், ஒருவன் பொகவந்தலாவை, எல்லோரும் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கடையின் மேல்மாடியில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுப்பவர்கள். என்னைக் 'கணக்கப்பிள்ளை' என்பார்கள். தோட்டத்தில் வேலை வாங்குபவருக்கும் அதே பெயர்தான், ஆகவே அந்த அழைப்பில் ஒரு குத்தல் உண்டு. நான் கண்டுகொள்வதில்லை.

2020 ஜனவரி 27ஆம் திகதி நாட்டின் முதல் கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டார். சீனாவிலிருந்து சுற்றுலா வந்த பெண்மணி. மறுநாளே கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் 'முகக்கவசம் இல்லை' என்ற அட்டை தொங்கியது. அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்ட பிறகு அந்த அட்டை இன்னும் பெரிதாயிற்று. எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர், வழக்கமாக வந்து போகும் சீனர் இருவருக்குக் கண்ணாடிக் கோப்பையை மறைத்துவிட்டுக் காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தார். அவர்கள் போனதும் மேசையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண்மணியை அங்கொடை ஐ.டி.எச். தொற்றுநோய் வைத்தியசாலையில் வைத்துக் குணமாக்கி, பெப்ரவரி 19ஆம் திகதி சுகாதார அமைச்சரே நேரில் போய் வழியனுப்பி வைத்தார். வூஹானில் சிக்கியிருந்த நம் மாணவர்கள் 33 பேரையும் விமானம் அனுப்பி அழைத்து வந்து, தியத்தலாவை முகாமில் 14 நாட்கள் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பட்டியல் கையில் இருந்தால் அரசாங்கத்தால் எதையும் செய்ய முடிகிறது. என் கடிதம் பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றியது.

மார்ச்சில் நடந்தவற்றை நாள் பிசகாமல் சொல்ல என்னால் முடியும், ஏனென்றால் பேரேட்டில் இருக்கிறது. 16ஆம் திகதி திங்கட்கிழமை விடுமுறை என்று அதற்கு முதல் நாள்தான் தெரிந்தது. பிறகு அது 17, 18, 19 என்று நீண்டது. 17ஆம் திகதி ஜனாதிபதி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். பருப்பு கிலோ 65 ரூபாய், டின் மீன் 100 ரூபாய் என்றார். மறுநாள் விடிந்தபோது எங்கள் வாசலில் பையும் சாக்குமாக ஆட்கள் நின்றார்கள். எங்கள் கையிருப்புப் பருப்பு என்ன விலைக்கு வந்தது என்பது எனக்குத் தெரியும், பற்றுச்சீட்டு என் மேசையில்தான் கிடந்தது. 65 ரூபாய்க்குக் கொடுத்தால் மூட்டைக்கு மூட்டை கைநட்டம். முதலாளி என்னைப் பார்த்தார். விலைப்பலகையில் 65 என்று எழுதினோம், மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றினோம். "பருப்பு முடிந்துவிட்டது" என்று வாசலில் சொன்னது என் வாய்தான். பெயர் போடாமல் எழுதுகிறேன் என்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை.

20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு என்ற செய்தி அன்றைக்குத்தான் வந்தது. நான் கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போய்விடலாம். பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள். ஹட்டன் பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடமில்லை. ஐந்தரை மணிக்கு நான்கு பேரும் வியர்த்து வழியத் திரும்பி வந்து, முதலாளியிடம் மேல்மாடித் திறப்பைக் கேட்டு வாங்கினார்கள்.

வெள்ளவத்தை அன்பர் சொல்லும் கூட்டம் 24ஆம் திகதி செவ்வாய்க்கிழமைக் கூட்டம். நாலு நாள் பூட்டிக் கிடந்த நகரத்தைக் காலை 6 மணிக்குத் திறந்து, அன்று பிற்பகலே மீண்டும் பூட்டினார்கள். அடுத்து எப்போது திறப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இலட்சக்கணக்கான குடும்பங்களைச் சில மணி நேரத்துக்குள் கடைக்கு அனுப்பினால், அவர்கள் ஒரு மீற்றர் இடைவெளி விட்டா நிற்பார்கள்? குளிர்சாதனப் பெட்டியும் மாதச் சம்பளமும் உள்ள வீட்டுக்காரர் முதல் வாரமே கார் நிறைய வாங்கிக்கொண்டு போய்விட்டார், எனக்குத் தெரியும், பில் எழுதியவன் நான். செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் அரைக் கிலோ சீனிக்காரர்கள். அன்றாடக் கூலியில் அன்றன்றைக்கு வாங்கிச் சமைப்பவர்கள். ஒரு கிழவி என்னிடம் நூறு ரூபாயை நீட்டி, "தம்பி, எது வருமோ அதைப் போடு" என்றார். எனக்கு 61 வயது. தம்பி என்று கூப்பிட்டு எத்தனையோ காலம்.

அதன் பிறகு கொழும்பு இரண்டு மாதங்கள் பூட்டிக் கிடந்தது. மே 26 வரைக்கும். சில நாட்களில் அனுமதிப் பத்திரத்துடன் நான் கடைக்குப் போய்வந்தேன். பையன்கள் மேல்மாடியை விட்டு இறங்கியது பெரும்பாலும் மூட்டை இறக்கத்தான். கடைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மலசலகூடம். முதலாளி கெட்டவர் அல்லர். அரிசி கொடுத்தார், முதல் மாதம் வாரத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார், பிறகு கையைப் பிசைந்தார். நாங்கள் ஒளித்து வைத்த அதே பருப்பைத்தான் நாலு பேரும் தினமும் அவித்துத் தின்றார்கள். சின்னவன் தொலைபேசியில் சொன்னான்: "ஐயா, பருப்பு முடிந்துவிட்டது என்று இனி நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்."

ஏப்ரலில் அரசாங்கத்தின் 5,000 ரூபாய் நிவாரணக் கொடுப்பனவு வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமாகக் கிராம சேவகர் பிரிவுகளில் பெயர் எழுதினார்கள். பையன்களுக்காக நான்தான் போய்க் கேட்டேன். கிராம சேவகர் பொறுமையான பெண்மணி, வீட்டில் தைத்த துணிக்கவசத்தோடு வெயிலில் அலைந்து களைத்திருந்தார். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவர்களுடைய பெயர் இந்தப் பிரிவில் இல்லை, ஊரில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். ஊருக்கு எப்படிப் போவது, ஊரடங்கு அல்லவா? அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவின் மூடியைப் போட்டார். மஸ்கெலியாவில் வீட்டார் போய்க் கேட்டார்கள். ஆள் இங்கே இல்லையே என்றார்கள். அத்துடன் தாய் தோட்டத்தில் பெயர் பதிந்தவர், வீட்டுக்குச் சம்பளம் வருகிறதே என்று அங்கேயும் கையை விரித்தார்கள். மே மாதமும் இதே கதை. ஆள் கொழும்பில், பெயர் மலையில், பணம் இரண்டிலும் இல்லை.

இந்த நால்வரோடு முடிகிற விடயமா இது? புறக்கோட்டைக் கடைகளின் மேல்மாடிகளை ஒருநாள் இரவு யாராவது எண்ணிப் பார்க்கட்டும். ஹோட்டல் கோடிப்புறத்தில் கோப்பை கழுவுபவன், நகைக்கடைக் காவலாளி, பெரிய வீடுகளில் சமையலுக்கு நிற்கும் பெண்பிள்ளைகள். கொழும்பு இவர்களுடைய தோளில் நடக்கிறது. கொழும்பின் எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் இல்லை.

ஏப்ரல் நடுவில் வாழைத்தோட்டத்தில், பண்டாரநாயக்க மாவத்தையில் தொற்றுப் பரவி, ஒரு பகுதிச் சனத்தையே பஸ்களில் ஏற்றித் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் கடையிலிருந்து நடந்து போகும் தூரம். அதற்குப் பிறகு பையன்கள் தெருமுனைக்குப் போனபோது, அந்தத் தேநீர்க் கடைக்காரர் கதவை அரைவாசி திறந்து, காகிதக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாராம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. (பக்கத்துக் கடை முஸ்லிம் வியாபாரி அந்த நாட்களில் பட்டது இன்னொரு கதை. கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்ற ஏப்ரல் 11 அரசாங்க வர்த்தமானி பற்றி அவரே உங்களுக்கு எழுத வேண்டும், நான் எழுதினால் அது இரவல் வலி.)

இப்போது ஒன்றைக் கேட்கிறேன். வெலிசறை கடற்படை முகாமில் தொற்றுப் பரவியபோது, விடுமுறையில் வீடு போயிருந்த படையினர் அனைவரையும் முகாம்களுக்குத் திருப்பி அழைக்க ஏப்ரல் 27ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். எந்தக் கிராமத்தில் எந்தச் சிப்பாய் என்று தெரிந்திருந்தது, திரும்பும் வழியும் செய்து கொடுக்கப்பட்டது. செய்ய வேண்டியதுதான். அப்படியென்றால் கொழும்பில் அகப்பட்ட கூலிக்காரர்களை ஊருக்கு அனுப்பவும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம் அல்லவா? எங்கள் பையன்கள் பொலிஸில் பெயர் கொடுத்து, காத்திருந்து, மே மாதத்தில்தான் பஸ் ஏறினார்கள்.

ஊரில் வரவேற்பு எப்படி என்றா கேட்கிறீர்கள்? லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கதவில் அறிவித்தல் ஒட்டி 14 நாள் தனிமைப்படுத்தல். அதில் குற்றமில்லை. ஆனால் பக்கத்து வீட்டார் தண்ணீர் எடுக்கச் சுற்றுவழியால் போனார்களாம், கொழும்புக் காற்று படக்கூடாது என்று. என் பாட்டனாரும் இப்படிக் கதவுக்குள் இருந்தவர்தான். இராமநாதபுரத்திலிருந்து தேயிலைக்கு வந்தவர்களை அந்தக் காலத்து இலங்கை அரசாங்கம் மண்டபம் முகாமில் மறித்து வைத்து, பேதியும் பிளேக்கும் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற விட்டது. தனிமைப்படுத்தல் என்ற சொல்தான் எங்கள் குடும்பத்துக்குப் புதிது. ஒரு வித்தியாசம்: மண்டபத்தில் ஆளை மறித்தவர்கள் ஆளின் பெயரை எழுதிக்கொண்டார்கள், மூன்று வேளை சோறும் போட்டார்கள் என்று பாட்டனார் சொல்வார்.

அரசாங்கத்துக்கு வழி தெரியாது என்று சொல்ல முடியாது. மே 11 முதல் கொழும்பில் அத்தியாவசியத் தேவைக்கு யார் எந்த நாளில் வெளியே வரலாம் என்பதைத் தேசிய அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத் தீர்மானித்தார்கள். 1 அல்லது 2 என்றால் திங்கட்கிழமை, 3 அல்லது 4 என்றால் செவ்வாய்க்கிழமை. வீதித் தடையில் நின்ற பொலிஸார் அட்டையில் இலக்கத்தைத்தான் பார்த்தார்கள், நீ மஸ்கெலியாக்காரன், மஸ்கெலியாவில் போய்க் காய்கறி வாங்கு என்று ஒருவனையும் திருப்பி அனுப்பவில்லை. வெளியே நடக்க அந்த அட்டை போதும் என்றால், நிவாரணம் வாங்க ஏன் போதாது? இருக்கும் இடத்துக் கிராம சேவகரிடம் அட்டையைக் காட்டினால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கொடுக்கட்டும். இரண்டு இடத்தில் வாங்கினால் இலக்கமே காட்டிக்கொடுக்கும். 32 ஆண்டு பேரேடு எழுதியவன் சொல்கிறேன், இது ஒரு கஷ்டமான கணக்கு அல்ல. இந்தத் தொற்று இன்னொரு முறை வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லையே, அதற்கு முன் செய்து வைக்கலாம்.

ஒழுங்கு பற்றி இன்னொரு வார்த்தை. மே 21ஆம் திகதி மாளிகாவத்தையில் தனியார் ஒருவர் நோன்பு காலத்துத் தர்மமாகப் பணம் கொடுத்தபோது நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். 2020 ஜூன் நடுப்பகுதி வரை கொரோனாவால் நாடு முழுவதும் இறந்தவர்கள் 11 பேர். அந்த மூவரை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. வரிசையில் நிற்கத் தெரியாமல் செத்தார்கள் என்று வெள்ளவத்தை அன்பர் எழுதுவாரானால், அவருடைய வீட்டுக்கு வந்து அவரோடு கதைக்க ஆயத்தமாக இருக்கிறேன். முகக்கவசத்தோடுதான் வருவேன்.

பையன்கள் இந்த வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், மூன்று பேர். பொகவந்தலாவைக்காரன் தோட்டத்திலேயே பெயர் கொடுத்துவிட்டானாம். ஜூன் 10ஆம் திகதி தேர்தல் திகதியை அறிவித்ததும், மஸ்கெலியாவிலிருந்து கட்சிக்காரர் ஒருவர் சின்னவனைத் தொலைபேசியில் தேடிப் பிடித்துக் கதைத்திருக்கிறார். கொழும்பில் எந்தக் கடை, எந்த மாடி என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாக்களிப்பு நாளான ஆகஸ்ட் 5ஆம் திகதி மூவருக்கும் விடுமுறை கொடுக்க முதலாளி சம்மதித்துவிட்டார். பஸ் காசு யார் கொடுப்பது என்பதில்தான் இன்னும் பேச்சு நடக்கிறது.

இப்படிக்கு,
நாலாம் குறுக்குத் தெருக் கணக்கப்பிள்ளை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.